நீர்நாய்க்கு எண்ணெய் தேய்த்த நாள்

கிரேஸ், ஜோயல், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். தாளை இழுத்துக் கிழிக்க வேண்டாம்.

நேற்று உங்கள் வாத்தியார் கொடுத்தனுப்பிய படப் புத்தகத்தில் கடல் நீர்நாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். மல்லாந்து மிதந்துகொண்டு, வயிற்றின்மேல் கல்லை வைத்துச் சிப்பி உடைக்கிற மிருகமும் உண்டா என்று ஜோயல் கேட்டான். வாத்தியாருக்குப் பொழுது போகவில்லை என்றாள் கிரேஸ். நானும் ஒருகாலத்தில் இதே சங்கதியைக் கேட்டு உங்களைவிட அதிகமாகச் சிரித்தவன்தான். சிரித்த வாய் மூடுவதற்குள் அந்தச் சங்கதி எங்களுக்குத் தேவைப்பட்டது. வாயால் சொன்னால் நடுவில் ஆயிரம் கேள்வி கேட்பீர்கள். அதனால் எழுதித் தருகிறேன்.

1. மதகுக்காரன் வேலை

நீங்கள் பிறப்பதற்கு முன்பு, மணக்குடிக் காயல் கரையில் இருந்த ஓர் உப்பளத்தில் நான் மதகுக்காரனாக இருந்தேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவனுக்கு அது நல்ல வேலை. கடலில் வேலியேற்றம் வரும்போது காயலிலும் தண்ணீர் உயரும். அப்போது நான் மதகின் இரும்பு ஷட்டரைத் திருகித் தூக்குவேன். உப்புத்தண்ணீர் உள்ளே வந்து, தெப்பம் என்று நாங்கள் சொல்லும் பெரிய குளத்தில் நிறையும். கடல் இறங்கத் தொடங்குமுன் ஷட்டரை இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் வந்த தண்ணீர் வந்த வழியே போய்விடும்.

தெப்பத்துத் தண்ணீர் அங்கிருந்து பாத்தி பாத்தியாக இறங்கும். வெயிலில் வற்றி வற்றிக் கட்டியாகும். ஓவர்சியர் ஒரு கண்ணாடிக் குழலை அதில் மிதக்கவிட்டு உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். கடைசிப் பாத்தியில் உப்பு உறைந்ததும் பெண்கள் இறங்கி வாருபலகையால் இழுத்துக் கரையில் அம்பாரமாகக் குவிப்பார்கள்.

அந்தத் தண்ணீர் சாதாரண உப்புத்தண்ணீர் அல்ல. காலில் சிறு கீறல் இருந்தாலும் தீப்பட்டது போல எரியும். ஆகையால் பாத்தியில் இறங்குகிற யாரும் முழங்கால்வரை தேங்காயெண்ணெய் தடவாமல் இறங்கமாட்டார்கள். எல்லாப் பெண்கள் மடியிலும் ஓர் எண்ணெய்ச் சீசா இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் முதல் பாடமே அதுதான். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

இன்னொன்று, நல்ல தண்ணீர். உப்பளத்தைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கரிக்கும். தூரத்துத் தென்னந்தோப்புக் கிணற்றிலிருந்து மாட்டுவண்டியில் பீப்பாய் வைத்துக் கொண்டுவருவார்கள். குடித்ததுபோக மிச்சம் இருப்பதில், வேலை முடிந்ததும் கால் கழுவ ஆளுக்கு ஒரு செம்பு கிடைக்கும். அந்த ஒரு செம்புக்காகச் சண்டை நடக்காத நாள் இல்லை.

2. பாத்தியில் கிடந்த குட்டி

உப்பு வாரத் தொடங்கிய பருவம். காலையில் நான் ஷட்டருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன். உப்பு வாருகிறவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் மரியதங்கம் அக்கா. கடற்கரைக்காரி. ஏழு பிள்ளை பெற்றவள். அவள் கடைசிப் பாத்தியில் நின்று கூப்பிட்டாள்.

"ஞானம் தம்பி, இஞ்ச ஓடி வாரும். உப்புக்குள்ள என்னமோ ஒண்ணு மூச்சு விடுது."

போய்ப் பார்த்தேன். பூனை அளவில் ஒரு பிராணி. உடம்பு முழுவதும் உப்புப் பூத்து, மயிரெல்லாம் ஈர்க்கு ஈர்க்காக விறைத்து, வெள்ளைவெளேரென்று கிடந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரு விரலால் உப்பைத் தட்டினேன். சின்னக் குழந்தைகள் ஓலைப்பீப்பி ஊதுவது போல மெல்லிசாக ஒரு சத்தம் போட்டது. அதற்கு உடனே காயலின் அக்கரைத் தாழைப் புதரிலிருந்து ஒரு சீழ்க்கை பதில் வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீர்நாய்க்குட்டி.

அந்தத் தாழைப் புதரில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. விடியக்காலம் எனக்கு டியூட்டி வரும்போது பார்ப்பேன். நாலைந்து சேர்ந்து, வலை விரித்த மாதிரி வளைந்து நீந்தி, மடவை மீன் கூட்டத்தைக் கரைப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பிடிக்கும். வாத்துக்கு இருப்பது போல விரல்களுக்கு நடுவில் தோல். தட்டையான வால்தான் சுக்கான். முங்கும்போது மூக்கையும் காதையும் மூடிக்கொள்ளும். கலங்கல் தண்ணீரில் கண் தெரியாவிட்டாலும் மீசை ரோமத்தால் மீன் அசைவதைக் கண்டுகொள்ளும் என்று வலைக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்கு அதன்மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. வலையைக் கிழிக்கிறது என்று திட்டுவார்கள்.

நான் ஷட்டர் தூக்கும்போது இதுகளும் தண்ணீரோடு தெப்பத்துக்குள் வந்து மீன் தின்றுவிட்டு, வரப்பில் ஏறி வெளியே போய்விடும். அன்று குட்டி வழி தவறிப் பாத்திக்குள் இறங்கிவிட்டது போலிருக்கிறது.

ஓவர்சியர் பிள்ளை குடையோடு வந்தார். "என்னவே கூட்டம்? டிகிரி ஏறிக் கெடக்கு. வார ஆள் இல்ல. இஞ்ச என்ன, சந்தையா?"

"ஏமானே, ஒரு குஞ்சு உசிரு," என்றாள் மரியதங்கம். "தாயி அக்கரையில நிண்ணு கூப்பிடுகா. இத சரியாக்கிக் குடுத்திட்டு வாருகோம்."

"சட்டுபுட்டுன்னு ஆக்கு. அதுக்குப் பிரசவம் பாத்தது போல நிக்காத."

உப்பு உடம்பைத் தின்னுகிறது. எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். ஆளுக்கு ஆள் சீசாவைத் திறந்தார்கள். மரியதங்கம் குட்டியை மடியில் போட்டு, பிள்ளைக்குத் தேய்ப்பது போலத் தலை, முதுகு, வயிறு, வால் எல்லாம் தேய்த்து உருவினாள். நான் கால்களைப் பிடித்துக்கொண்டேன். உப்பு உதிர்ந்து வந்தது. கண் திறந்தது. கொஞ்ச நேரத்தில் குட்டி பாகு தடவின கருப்பட்டி போல மினுங்கியது.

"எம்புள்ள ஏழும் எண்ணெயில வளந்ததுவதான்," என்றாள் அவள். "பாரும், இப்ப எப்படி லட்சணமா இருக்கு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

3. தண்ணீரில் விறைத்தது

மதகுக்கு வெளிப்புறம் படியில் இறங்கி, குட்டியைக் காயல் தண்ணீரில் விட்டேன். தாய் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் நீந்தி வந்தது. நாங்கள் ஒதுங்கி நின்றோம்.

குட்டி மிதக்கவில்லை. நனைந்த துணி போல மெல்லத் தாழ்ந்தது. மூக்கு மட்டும் ஒருதரம் மேலே வந்தது. நான் வேட்டியோடு குதித்து எடுத்தேன். எடுத்துக் கரையில் வைத்தால் கிடுகிடுவென்று நடுங்குகிறது. மாசி முடிந்த வெயில், மணல் கால் வைக்க முடியாமல் சுடுகிறது, அந்த வெயிலில் பல் கிட்டிப்போய்க் கிடக்கிறது. வெயிலில் போட்டால் மூச்சு இரைத்தது. நிழலில் போட்டால் மறுபடியும் நடுங்கியது. சீழ்க்கைச் சத்தமும் குறைந்துகொண்டே வந்தது. ஆளைக் கண்டதும் தாய் அக்கரைக்கே திரும்பி, அங்கே நின்று கூப்பிட்டது.

"தண்ணியில பொறந்தது தண்ணியில விறைக்குமா, தம்பி?" என்றாள் மரியதங்கம். "யாரு கண்ணு பட்டுதோ." கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் உப்பு ஏற்றும் வள்ளம் வந்தது. அதில் சவரிமுத்து இருந்தான். என் வயதுக்காரன். சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிறவனாக உலகம் சுற்றிவிட்டு வந்து வள்ளம் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் சொல்கிற கதைகளில் பாதியை யாரும் நம்பமாட்டார்கள். மீதியை அவனே நம்பமாட்டான் என்று மரியதங்கம் சொல்வாள்.

கழுக்கோலை ஊன்றிக்கொண்டு அவன் எட்டிப் பார்த்தான். "என்ன மைனி, நாய்க்கு ஞானஸ்நானமா?"

"போ லே. சாகக் கெடக்கு. உனக்கு எளக்காரம்."

"இதுக்குப் பெரியப்பன் மவன நான் பாத்திருக்கேன். அமெரிக்காவுக்கு மேக்கால குளுந்த கடல்ல. கரைக்கே வராது. தண்ணியிலயே பொறந்து, தண்ணியிலயே உறங்கும். உறங்கும்போது ஒழுக்குத் தண்ணி இழுத்துட்டுப் போவாம இருக்கக் கடல்பாசியெ மேல சுத்திக்கிடும். மல்லாந்து கெடந்து, வயித்து மேல கல்ல வெச்சு, சிப்பியெ டம்மு டம்முன்னு ஒடைக்கும்."

"வயித்து மேல அம்மி," என்றாள் மரியதங்கம். "தேங்கா அரைக்குமோ?"

குட்டி அந்த நிலையில் கிடக்கும்போதும் எங்களால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அவனும் சிரித்துக்கொண்டே கரையில் குதித்து, குட்டியைத் தூக்கினான். கை வழுக்கியது. விரலை மோந்து பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது.

"எண்ணெயா போட்டிய?"

"பின்னே? உப்புக்கு எண்ணெ போடாம?"

"கொன்னு போட்டியளே, மைனி."

அவன் சொன்னது இதுதான். அந்தக் கடல் நீர்நாயை அவன் ஒரேயொரு தடவை, அதுவும் தூரத்தில்தான் பார்த்திருக்கிறான். ஆனால் அந்தத் துறைமுகத்தில் ஒரு கிழவன் இருந்தான். வாலிபத்தில் தோலுக்காக அவற்றை வேட்டையாடினவன். அப்படி வேட்டையாடியே அந்த இனத்தை அநேகமாக இல்லாமல் பண்ணிவிட்டார்களாம். அந்தக் கிழவன் சொன்னது: திமிங்கலத்துக்குக் குளிர் தாங்கத் தோலுக்கு அடியில் கொழுப்பு உண்டு, இதற்குக் கிடையாது. இதற்கு மயிர்தான் எல்லாம். மேலே நீள மயிர், அடியில் பஞ்சு போல நெருக்கமாக இன்னொரு மயிர். அந்தப் பஞ்சுக்குள் காற்றுப் பிடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை நேரம் கடலில் கிடந்தாலும் தோலில் ஈரம் படாது. குட்டி பிறந்தால் தாய் அதை நெஞ்சின்மேல் போட்டுக்கொண்டு, மயிரை நக்கி நக்கிக் காற்று ஏற்றும். அப்படி ஏற்றின குட்டி தக்கை போல மிதக்கும், முங்கச் சொன்னாலும் முங்காது. மயிரில் பிசுக்குப் பட்டால் பஞ்சு ஒட்டிப்போகும். காற்று நிற்காது. தண்ணீர் நேரே தோலுக்குப் போகும். குளிர் தின்றுவிடும்.

"அது பெரிய சாதி, இது சின்ன சாதி," என்றான் சவரிமுத்து. "ஆனா மயிரு ஒண்ணுதான். தொறந்து பாரும் ஓய்."

குட்டியின் முதுகில் வகிடு எடுப்பது போல மயிரை விலக்கினேன். அடிமயிர் பிசின் போல ஒட்டிக் கிடந்தது. தோல் சொதசொதவென்று நனைந்திருந்தது. மரியதங்கம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

4. ஒரு செம்புத் தண்ணீர்

எண்ணெயை எடுக்கவேண்டும். சோப்பு போட்டால் கண் போய்விடும். மரியதங்கம் சோற்றுக் கொட்டகைக்கு ஓடிப் பயற்றுமாவு கொண்டுவந்தாள். ஆனால் மாவு இருந்தால் போதுமா? எண்ணெய் போகுமட்டும் அலச நல்ல தண்ணீர் வேண்டும். உப்புத்தண்ணீரில் அலசினால் பழையபடி உப்புப் பூக்கும். இருந்ததெல்லாம் பீப்பாயின் அடியில் கிடந்த மிச்சம்.

ஓவர்சியர் பிள்ளை பீப்பாய்ப் பக்கம் வந்து நின்றுகொண்டார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் தண்ணீருக்கு அவர்தான் பொறுப்பு.

"குடிக்க வெச்ச தண்ணியில நாயைக் குளிப்பாட்டவா? நாளைக்கு ஒருத்தி மயங்கி விழுந்தா ஆரு பதில் சொல்ல? நீரு சொல்லுவீரா, ஞானதாசு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

மரியதங்கம் முன்னே வந்தாள். "குடிக்கத் தண்ணி தொடாண்டாம், ஏமானே. எனக்குக் கால் கழுவ ஒரு செம்பு உண்டுமே. அத இப்ப தாரும். நான் உப்புக் காலோட வீட்டுக்குப் போறேன்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். உப்புக் காலோடு அவ்வளவு தூரம் மணலில் நடப்பது என்னவென்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பிறகு பின்னால் இருந்து ஒருத்தி, "எனக்குள்ளதையும் எடுத்துக்க, அக்கா. நாளைக்கு எனக்கு ரெண்டு செம்பு வேணும், சொல்லிப்போட்டேன்," என்றாள். "ஏட்டி, உனக்கு என்னைக்கும் ரெண்டு செம்புதானே," என்றாள் இன்னொருத்தி, தன் செம்பையும் நீட்டிக்கொண்டே. வரிசையாக எல்லாச் செம்பும் வந்தது.

மடியில் குட்டியை வைத்து மாவைத் தேய்த்து, செம்பு செம்பாக ஊற்றினோம். முதல் தண்ணீர் பால் போல வழுவழுப்பாக ஓடியது. பிறகு கொஞ்சம் தெளிந்தது. கடைசிச் செம்பும் தீர்ந்தபோது வாலும் அடிவயிறும் இன்னும் வழுக்கிக்கொண்டிருந்தன.

ஓவர்சியர் பிள்ளை சாப்பிடுமுன் கைகால் அலம்ப வீட்டிலிருந்து வெண்கலக் கிண்டியில் தண்ணீர் கொண்டுவருவார். அந்தக் கிண்டியை யாரும் தொடக்கூடாது. அவர் போய் அதை எடுத்துவந்து, குனிந்து, கிண்டியின் மூக்கு வழியாகச் சிறு தாரையாகக் குட்டியின் வயிற்றில் ஊற்றினார். தீருமட்டும் ஊற்றினார்.

"இன்னைக்குக் கால் அலம்பாமத்தான் சோறு திங்கணும்," என்றார். "எங்க வீட்டுல போய்ச் சொல்லாண்டாம்."

அதன்பிறகு சாக்கில் போட்டுத் துவட்டினோம். காற்று ஏற்றவேண்டுமே, தாய் நக்குவது போல யார் நக்குவது என்று சவரிமுத்து கேட்டான். மரியதங்கம் அடுப்பு ஊதுகுழலை எடுத்துவந்து, மயிரை எதிர்ப்பக்கமாகத் தள்ளித் தள்ளி ஊதினாள். குட்டி முதலில் பயந்தது. அப்புறம் சுகமாகிப் புரண்டு வயிற்றைக் காட்டியது.

5. சமநீர்

அன்றைக்கே விட்டுவிடலாம் என்று நினைத்தது நடக்கவில்லை. எண்ணெய் ஒரே நாளில் போகிற சாமான் அல்ல. மதகுக் கொட்டகையில் சாக்குப் படுக்கை போட்டு வைத்துக்கொண்டேன். சவரிமுத்து வள்ளத்தில் வரும்போது ஒரு பானை நல்ல தண்ணீர் கொண்டுவருவான். மடவை மீனை முள் எடுத்து மசித்துக் கொடுப்பேன், ஆட்டுப்பால் பஞ்சில் நனைத்துக் கொடுப்பேன். குட்டி காய்ந்த புல்லில் உருண்டு உருண்டு, தன் மயிரைத் தானே பல்லால் கோதிக்கொள்ளத் தொடங்கியது. உப்பு அரித்ததற்கும் மருந்து அதனிடமே இருந்தது. நல்ல தண்ணீரும் காய்ந்த தரையும் கிடைத்தால் போதும்.

எனக்கு இருந்த பயம் தாயைப் பற்றித்தான். தினமும் பொழுது சாயும்போது அக்கரையில் வந்து கூப்பிடும். நேரம் போகப் போகச் சீழ்க்கை குறையும். ஒருநாள் அந்தக் குடும்பம் ஆற்றோடு மேலே போய்விட்டால் இந்தக் குட்டிக்கு மீன் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. என் கையில் தின்று பழகி, என் கையிலேயே கிடந்து சாகும். அதனால் தினமும் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்துக் குட்டியை முக்கி எடுத்து, மயிரை விலக்கிப் பார்ப்பேன். தோல் நனைந்திருக்கும். மறுநாளும் நனைந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் முக்கினபோது அது சட்டியில் தங்கவில்லை. பந்து போல மேலே வந்தது. உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குமிழி. எடுத்து உதறவிட்டு மயிரை விலக்கினேன். தோல் வெளுப்பாக, காய்ந்து, சூடாக இருந்தது.

ஓவர்சியர் பிள்ளையிடம் ஓடினேன். தாய் ஆள் நிற்கிற படிக்கு வராது. ஆனால் மதகு வழியாக வந்து பழக்கம். ஷட்டரை ஒரு சாண் தூக்க உத்தரவு வேண்டும் என்றேன்.

"தெப்பத்துத் தண்ணி?"

"சமநீர்ல தூக்குறேன், ஏமானே. ஒரு சொட்டும் போகாது."

கடல் ஏறி முடிந்து இறங்கத் தொடங்குமுன் கொஞ்ச நேரம் தண்ணீர் அசையாமல் நிற்கும். அதைத்தான் சமநீர் என்போம். ஷட்டருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டம் இருந்தால், திறந்தாலும் ஒழுக்கு இருக்காது. ஒரு வைக்கோல் துரும்பைப் போட்டுப் பார்த்தால் தெரியும். அன்று அந்தத் துரும்பை ஓவர்சியரே போட்டார். மரியதங்கமும் சவரிமுத்தும் வரப்புக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தார்கள்.

துரும்பு நின்றது. நான் திருகினேன். குட்டியை உட்புறம் தண்ணீரில் விட்டேன். அது மிதந்தது. சுற்றிச் சுற்றி வந்து பீப்பி ஊதியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. துரும்பு மெல்ல வெளிப்பக்கமாக அசைந்தது.

"ஞானதாசு, இறங்குது," என்றார் ஓவர்சியர் மெதுவாக. ஷட்டரை இறக்கு என்று சொல்லவில்லை. இறங்குது என்று மட்டும் சொன்னார்.

ஷட்டருக்கு அடியில் தண்ணீர் பிளந்தது. ஒரு பெரிய தலை எழுந்தது. மோந்தது. குட்டியின் கழுத்துத் தோலைக் கவ்வியது. இரண்டும் வந்த வழியே போயின. நான் கை வலிக்கத் திருகி இறக்கினேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போச்சா பாத்தியா," என்று மரியதங்கம் மூக்கைச் சிந்தினாள்.

"எண்ணெ தேச்சதுக்குக் கடிக்காம போச்சே, அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லு, மைனி," என்றான் சவரிமுத்து.

6. நான் படித்தது

மக்களே, அன்று எங்களில் யாருக்கும் அந்தக் குட்டியின்மேல் அன்பு குறைவாக இல்லை. எங்கள் காலுக்கு எது மருந்தோ அதைத்தான் போட்டோம். எங்கள் கால் வேறு, அதன் மயிர் வேறு என்று பார்க்கத் தோன்றவில்லை. அதற்கு அப்புறம் யாருக்கு எந்த உதவி செய்யப் போனாலும், உனக்கு என்ன செய்தால் சரியாகும் என்று முதலில் கேட்டுவிடுவேன். வாயில்லாத ஜீவனாக இருந்தால், அது தன்னைத்தானே எப்படிப் பேணிக்கொள்கிறது என்று கொஞ்சநேரம் சும்மா இருந்து பார்ப்பேன். இதனால் எனக்கு வேலையிலும் வீட்டிலும் நஷ்டம் வந்ததில்லை.

கடல் நீர்நாயை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

குட்டி போய்ச் சில வாரங்களுக்குப் பிறகு, மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று சொன்னார்கள். மதகுக் கற்கள் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவச் சொல்லி உத்தரவு. மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, தேங்காய் நாரும் வாளியுமாக நான் ஒருவனாக இறங்கினேன். தண்ணீர் ஓரத்துக் கல் ஒன்றில் நீர்நாய்கள் எச்சம் போட்டிருந்தன. மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம், ஒரே நாற்றம். தங்கள் இடம் என்று காட்ட ஒரே கல்லிலேதான் அவை போடும். குனிந்து பார்த்தேன். பெரியவற்றின் பக்கத்தில், என் சுண்டுவிரல் நகம் அளவில், புதிதாக ஒன்று. அதில் பொடிப்பொடியாக நண்டு ஓடு. எங்கள் குட்டி தானே பிடித்துக் கடித்துத் தின்றது.

மற்ற கற்களையெல்லாம் பளபளவென்று தேய்த்துக் கழுவினேன். அந்த ஒரு கல்லின்மேல் மட்டும் தண்ணீர் படாதபடி, வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன்.